எட்டுப் பேரை ஏற்றி வெட்டிய மட்கார்டு

முதலமடையில் ஒரு மாந்தோப்புக் கொட்டகை. மாங்காய் அடுக்கும் பெட்டிகளுக்குப் பின்னால் அந்த நான்கு டயர்களும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அந்த அடுக்கு என் இடுப்பு உயரம் இருந்தது. தரையைக் கவ்வும் ரப்பர் பட்டன்கள் தேயவே இல்லை. அவற்றின் நடுவே விரலை விட்டால் முதல் கணு வரை உள்ளே போனது. தோப்புக்காரர் தன் ஜீப்பை விற்றுவிட்டு, இந்த டயர்களை மட்டும் கழற்றி வைத்திருந்தார். என் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, "டயரு கொஞ்சம் பழசாட்டம் தெரியுதுங்களே" என்று பேரத்தின் முதல் வரியை எடுத்துவிட்டார்.

"பழசெல்லாம் இல்லீங்க, நாங்க எடுத்துக்கறோம்!" என்று நான் கத்திவிட்டேன்.

பேரம் அங்கேயே படுத்துவிட்டது. வடகரப்பதி திரும்பும் வழியெல்லாம் அண்ணன் என்னோடு பேசவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை. ஜீப்பின் பின்பக்கம் கிடந்த டயர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

நான் தேவிகுளத்தில் ஜீப் ஓட்டுகிறவள். பிறந்தது வடகரப்பதியில், தென்னையும் நிலக்கடலையும் போடும் குடும்பத்தில். பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே டிராக்டரை ரிவர்ஸ் எடுப்பேன். கல்யாணமாகி மலைக்கு வந்து பதினோரு வருடமாகிறது. கணவர் தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். அவர்கள் வீட்டுப் பழைய டீசல் ஜீப் ஒன்று தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. வந்த இரண்டாவது மாதமே தார்ப்பாயை உருவிவிட்டேன். "உனக்கு எதுக்கு இந்த வேல?" என்று ஊரே கேட்டது. கணவர் மட்டும் பேட்டரியைச் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

எங்களுக்கு மேலே ஒரு மலை உச்சி இருக்கிறது. சூரியன் எழுவதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் விடியும் முன்பே வந்து நிற்பார்கள். கார் போகாத பாதை. ஜீப்தான். எந்த வண்டி எப்போது ஏறுவது என்பதை எங்கள் டிரைவர் சங்கம் முறை வைத்துக் கொடுக்கும். அதை டேர்ன் என்போம். மழைக்காலம் முடிந்ததும் பாதை கன்னாபின்னாவென்று அரித்துப்போயிருக்கும். அதனால் சீசன் தொடங்கும் முன் சங்கம் ஒரு சோதனை ஓட்டம் வைக்கிறது. வண்டியில் எட்டுப் பேர் உட்கார வேண்டும். அந்த எட்டுப் பேரும் மற்ற ஜீப் டிரைவர்களாகவே இருக்க வேண்டும். கீழே கிளம்பி உச்சி சேரும் வரை ஒருவர்கூட இறங்கக் கூடாது. இறங்கினால் அந்த வண்டிக்கு அந்த சீசனில் மலை டேர்ன் கிடையாது. தொடர்ந்து இரண்டு வருடம் தோற்றால் இடமே வேறு வண்டிக்குப் போய்விடும். காத்திருக்கிறவர்களின் வரிசை நீளம்.

போன வருடம் நான் தோற்றேன்.

உச்சிக்குச் சற்றுக் கீழே பாறைப்படி மாதிரி ஓர் இடம் உண்டு. இரண்டு பக்கமும் தண்ணீர் அறுத்த பள்ளம், நடுவில் பாறை துருத்திக்கொண்டு நிற்கும். என் வண்டியின் பின் அச்சின் நடுவில் இருக்கும் இரும்பு உருண்டை அந்தப் பாறைமேல் போய் உட்கார்ந்துவிட்டது. சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. எட்டுப் பேரும் இறங்கித் தள்ளினார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யாராவது திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றினேன், கல்யாண வீட்டுப் பாத்திரங்களை ஏற்றினேன், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை ஏற்றினேன். வருமானம் குறைந்தது உண்மைதான். ஆனால் என்னை அரித்தது அது இல்லை. எனக்கு மலை ஏற வேண்டும். முதல் கியரில் வண்டி முனகிக்கொண்டே மேலே போகும்போது, பின்னால் இருப்பவர்கள் பயத்தில் கத்தி, பிறகு சிரிப்பில் கத்துவார்களே, அந்தச் சத்தம் எனக்கு வேண்டும். இதை வெளியே சொன்னால் கேலி செய்வார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

பாறையில் உட்காராமல் இருக்க வேண்டுமானால் அந்த இரும்பு உருண்டை தரையிலிருந்து உயர வேண்டும். பலர் ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி வண்டியைத் தூக்குவார்கள். வண்டியின் உடம்பு உயரும், உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதோடு வளைவில் வண்டி குடிகாரனைப் போல ஆடும். உருண்டையை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். முதலமடை டயர் என் டயரைவிட மையத்திலிருந்து ஒன்றரை அங்குலம் கூடுதல். ஒன்றரை அங்குலம் என்றால் சிரிக்காதீர்கள். போன வருடம் நான் பாறையில் மாட்டிக்கொண்டது அதைவிடக் குறைந்த உயர வித்தியாசத்தில்தான்.

பெரிய டயர் வாங்கியாயிற்று. அது சுழல இடம் வேண்டுமே! சக்கரத்தைக் கவிந்து நிற்கும் தகட்டுக் கூடு பழைய டயருக்கு அளவெடுத்தது. முன்னால் இருப்பது மட்கார்டு. பின்னால் இருப்பது வண்டிக்குள்ளேயே பெட்டி போல ஏறி நிற்கும், அதன்மேல்தான் ஆட்கள் உட்காரும் பெஞ்சு. டயரை வெளிப்பக்கம் தள்ளி மாட்டலாம் என்றால், வண்டியின் ஓரத்தைத் தாண்டி டயர் நீட்டிக்கொண்டிருந்தால் ரோட்டில் நிறுத்திவிடுவார்கள். ஆகக் கூட்டைத்தான் பெரிதாக்க வேண்டும்.

அண்ணனுக்கு வடகரப்பதியில் டிராக்டர் பட்டறை இருக்கிறது. புது டயரை வண்டியின் பக்கத்தில் நிறுத்திவைத்து, குந்தி உட்கார்ந்து, வாயில் இருந்த சாக்பீஸை எடுத்தார்.

"அம்மிணி, முன்னால மட்கார்ட ரண்டு வெரக்கட வெட்டோணும். பின்னால பொட்டியக் கழட்டி ஒசத்தோணும். மூணு நாளு வேல."

"வெட்டறதா? ஏனுங்ண்ணா, போன மாசந்தானுங்க பெயிண்ட் அடிச்சேன்!"

அது உண்மை. இலைப்பச்சை. நானே நின்று கலர் கலந்து அடித்தது. அந்த மட்கார்டின் வளைவை நான் தினமும் துணியால் துடைப்பேன். அதைக் கிரைண்டரால் வெட்டுவது என்றதும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். தங்கை அழுதுவிடுவாள் என்று பயந்துவிட்டார் போலிருக்கிறது. "வெட்டாம வேணும்னா ஒண்ணு பண்ணலாம். ஸ்டீயரிங்கத் திருப்பறப்ப சக்கரம் ஒடியறத நிறுத்தறதுக்கு ஒரு ஸ்டாப்பர் போல்ட் இருக்குதல்ல, அத வெளிய திருகி உட்டா சக்கரம் முழுசா ஒடியாது. மட்கார்டுல ஒரசாது. நம்மூரு ரோடு நேராத்தான போகுது." சொன்னவர் நிறுத்தினார். "ஆனா, உங்கூர்ல வளைவு சாஸ்தியாச்சே?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறனுங்ண்ணா."

இந்த ஒரு வரியை நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பதினோரு வருடம் மலையில் வண்டி ஓட்டியவள், பிறந்த ஊர்த் தரையில் கால் வைத்ததும் சமவெளிக்காரியாகிவிட்டேன். பின்னால் பார்த்தோம். டயருக்கும் பெட்டிக்கும் நடுவே என் கை முட்டி தாராளமாக நுழைந்தது. பட்டறையின் சிமெண்டுத் தரை அவ்வளவு மட்டம், தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும். வண்டி காலி. ஒரு மணி நேரத்தில் டயர் மாட்டி போல்ட் திருகி வேலை முடிந்தது.

கடலை பிடுங்கிய காட்டில் ஓட்டிப் பார்த்தேன். வரப்பைத் தாண்டும்போது வண்டி வாய்க்கால் தாண்டும் கன்றுக்குட்டி மாதிரி எம்பி இறங்கியது. ஒரு உரசல் இல்லை. நான் ஊளையிட்டேன். பக்கத்துக் காட்டில் மாடு மிரண்டது. அண்ணன் களத்து மேட்டில் நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். அவருக்கும் கோபமெல்லாம் போயிருந்தது.

கிளம்பும்போது அண்ணி நான்கு மூட்டைத் தேங்காயைப் பின்னால் ஏற்றிவிட்டாள். "மலைமேல தேங்கா வெல சாஸ்தியாமுல்ல" என்றாள். பொள்ளாச்சி தாண்டி, உடுமலை தாண்டி, நான் ராணி மாதிரி போனேன். ஒன்றரை அங்குல உயரம் ஆளையே மாற்றிவிடுகிறது. கார்களின் கூரையைக் குனிந்து பார்த்தேன். தெரிந்த பாட்டையெல்லாம் பாடினேன். சின்னார் செக்போஸ்ட்டில் வண்டியைப் பார்த்த காவலர், "கொள்ளாம்" என்று மலையாளத்தில் ஒரு வார்த்தை சொன்னார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் ஹேர்பின் வளைவு வந்தது.

ஸ்டீயரிங்கை ஒடித்தேன். பாதி வழியில் டக்கென்று நின்றுவிட்டது. வளைவு இன்னும் மீதி இருந்தது, எனக்குத் திருப்ப ஒன்றும் மீதி இல்லை. எதிரே மலைச்சுவர். பிரேக்கை மிதித்து, பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் போய், மறுபடி பின்னால் எடுத்து, ஒரு வளைவுக்கு மூன்று தடவை நாட்டியம் ஆடினேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. ஜன்னலோரத்துத் தலைகள் எல்லாம் எட்டிப் பார்த்தன. டிரைவர் இடத்தில் பெண்ணைப் பார்த்ததும் அந்த முகங்களில் வந்த புரிதல் இருக்கிறதே! கீழே இறங்கிப் போய் ஒவ்வொருவருக்கும் ஸ்டாப்பர் போல்ட் என்றால் என்ன என்று விளக்கலாமா என்றிருந்தது.

அடுத்த வளைவிலும் அதே கூத்து. அதற்குமேல் ரோடு ஒரு பக்கம் குழிந்த இடத்தில் பின் சக்கரம் இறங்க, தேங்காய் மூட்டையின் கனத்தில் வண்டி அமுங்கி, கர்ர்ர் என்று ஒரு சத்தம். ரப்பர் கருகும் நாற்றம். மறையூரில் நிறுத்திப் பார்த்தேன். பெட்டியின் உட்புறம் பெயிண்ட் உரிந்து இரும்பு பளபளத்தது. டயரின் ஓரப் பட்டன்கள் இரண்டு சீவிவிட்டதுபோல இருந்தன. வெல்லச் சர்க்கரை காய்ச்சும் கொட்டகை ஒன்றில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். மூன்று மூட்டையை அங்கே இறக்கிவைத்துவிட்டு, மீதி வழியைப் பாடாமல் ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். அவர் எதையும் அவசரமாகச் செய்கிறவர் அல்ல. டார்ச்சை அடித்துப் பெட்டியின் உட்புறம் பார்த்தார். விரலால் தடவினார். முகர்ந்தார். ஸ்டீயரிங்கை ஒரு தடவை ஒடித்துப் பார்த்தார்.

"அளவு பாக்கையில வண்டியில யாரு இருந்தா?"

"யாரும் இல்லீங்க."

"தரை?"

"பட்டறைத் தரைதானுங்க."

"காலி வண்டிய மட்டத் தரையில நிப்பாட்டி அளந்திருக்க. சங்கத்துல காலி வண்டியவா ஓட்டச் சொல்லுதாவ?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தப்பாகப் பேசுகிறவரிடம் சண்டை போடலாம். சரியாகப் பேசுகிறவரிடம் என்ன செய்வது? அண்ணனைச் சொல்லாதீர்கள், வெட்ட விடாதது நான்தான் என்று கத்தினேன். "நான் மச்சானச் சொல்லலியே" என்றார் அவர். அதற்கும் கத்தினேன். கடைசியில் வாசலில் உட்கார்ந்து, பெயிண்டுக்காகத்தான் வெட்டவில்லை என்று ஒத்துக்கொண்டேன். சோதனை ஓட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது.

"ஞாயித்துக்கெழம வெட்டுவோம்" என்றார் அவர். "நீ ஆளு சொல்லி வையி. எட்டுப் பேரு. நல்ல கனமான ஆளாப் பாரு."

எங்கள் பக்கத்து லைன்களில் ஜீப்புக்கு அளவெடுப்பது அப்படித்தான். ஜாக்கி வைத்துத் தூக்கி, காற்றில் தொங்கும் சக்கரத்தை அளக்க மாட்டார்கள். ஆட்களை ஏற்றி, வண்டியைக் கோணலாக நிறுத்தி, அது எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு அமுங்கிய பிறகுதான் அளப்பார்கள். நான் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு தடவை கனத்துக்கு நானே ஏறி உட்கார்ந்தும் இருக்கிறேன். என் வண்டி என்று வந்தபோது ஞாபகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் எட்டுப் பேர் வந்தார்கள். பக்கத்து வீட்டுக் கொழுந்து பறிக்கும் அக்கா முதல் ஆளாக, கனத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் நான் அவளைத்தான் முதலில் கூப்பிட்டேன் என்ற மனக்குறையோடு வந்தாள். ஃபாக்டரி வாட்ச்மேன், அவர் மனைவி, கணவரோடு வேலை பார்க்கும் மூன்று பேர், மளிகைக் கடைக்காரர், அவருடைய மாமியார். மாமியார் கனமே இல்லை. வேடிக்கைக்கு வந்தவர். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

முன் இடது சக்கரத்தைக் கற்களை அடுக்கி ஒரு முழம் தூக்கி நிறுத்தினோம். அதற்குக் குறுக்கே, பின் வலது சக்கரத்தையும் அதே மாதிரி. மற்ற இரண்டும் கீழே. வண்டி முறுக்கிக்கொண்டு நின்றது. கணவர் ஸ்டாப்பர் போல்ட்டைப் பழைய இடத்துக்கே திருகினார். டயர்மேல் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினார். எட்டுப் பேரும் ஏற ஏற வண்டி அமுங்கியது. நான் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுசாக ஒடித்து, பிறகு வலப்பக்கம் முழுசாக ஒடித்தேன். இறங்கிப் பார்த்தால், மட்கார்டின் உள்விளிம்பில் வெள்ளைக் கோடு பளிச்சென்று இருந்தது. பின்னால் பெட்டியின் மேல்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. எங்கே உரசுகிறது என்று வண்டியே எழுதிக் காட்டிவிட்டது!

கணவர் ஆணியால் கோடு கீறினார். கிரைண்டரை எடுத்தார். கண்ணாடியை எடுத்தார். இரண்டையும் என் கையில் கொடுத்தார்.

"நீயே வெட்டு. நான் வெட்டுனா வருசம் பூராவும் சொல்லிக் காட்டுவ."

ஜீப்பில் எட்டுப் பேரும் சிரித்தார்கள். எனக்கு முதலில் கை வரவில்லை. இலைப்பச்சையின்மேல் கட்டிங் வீலை வைத்ததும் பெயிண்ட் சுருண்டு கருகியது. கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்புறம் தீப்பொறி கிளம்பியது. தகடு பிளந்துகொண்டே போனது. ஒரு சாண் தாண்டியதும் எனக்குள் என்னமோ அவிழ்ந்துவிட்டது. இதற்கா பயந்தேன்? வெட்டு நேராகப் போனது, கோட்டை விட்டு விலகவில்லை, நான் வெட்டுகிறேன், என் வண்டியை நானே வெட்டுகிறேன்! அடுத்த பக்கத்துக்குப் போகும்போது கிரைண்டரைக் கணவரிடம் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

வெட்டிய விளிம்பு கத்தி போல இருக்கும், டயரைக் கிழித்துவிடும். அதனால் அதை உட்பக்கம் மடித்து, ஓரம் முழுக்க ஒரு கம்பியை வளைத்து வைத்துப் பற்றவைத்தார் அவர். பின்னால் பெட்டியின் மேல்தகட்டை எடுத்துவிட்டு இரண்டு அங்குலம் உயர்த்திப் புதுத் தகடு போட்டோம். பெஞ்சும் அதோடு உயர்ந்தது. மறுபடி சுண்ணாம்பு, மறுபடி எட்டுப் பேர்.

"என்னப்பா, காலு தரையில எட்டமாட்டேங்கு" என்று கொழுந்து பறிக்கும் அக்கா மேலே இருந்து சொன்னாள்.

"காலத் தொங்கப் போட்டுட்டு வாங்க, ஊஞ்சல்னு நெனச்சுக்கிடுங்க" என்றார் மளிகைக் கடைக்காரர்.

இரண்டாம் தடவையும் ஒரு மூலையில் வெள்ளை ஒட்டியது. மறுபடி வெட்டு. ஏறி இறங்கிச் சலித்துப்போய், இனிமேல் இறங்கவே மாட்டோம் என்று சிலர் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். டீயை உள்ளேயே கொடுத்தோம். வாட்ச்மேன் கண்டக்டர் மாதிரி தகட்டைத் தட்டி, "மூணாறு, மறையூர், உடுமல!" என்று கத்தினார். மாமியார் தனக்கு ஜன்னலோரம் வேண்டும் என்றார். ஜீப்புக்கு ஏது ஜன்னல்!

மூன்றாம் தடவை ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துவிட்டு நான் இறங்கவில்லை. பார்க்கப் பயம். கணவர் மட்கார்டுக்குள் தலையை விட்டார், பிறகு பின்னால் போனார். எட்டுப் பேரும் பெஞ்சிலிருந்து குனிந்து அவரையே பார்த்தார்கள்.

"சுண்ணாம்பு டயரோடயே இருக்கு" என்றார்.

அடேயப்பா, அந்தக் கூச்சல்! எட்டுப் பேரையும் அப்படியே வைத்துக்கொண்டு ஃபாக்டரி வரை ஒரு சுற்று போய்வந்தேன். வெட்டின மட்கார்டில் பெயிண்ட் இல்லாமல் இரும்பு தெரிந்தது. இவ்வளவு அழகாக அந்த வண்டி எனக்கு என்றைக்கும் தெரிந்ததில்லை.

சோதனை அன்று காலை மூடுபனி. என் முறை நான்காவது. என் வண்டியில் எட்டு டிரைவர்கள் ஏறினார்கள். தமிழ் டிரைவர்கள் என்னை அக்கா என்பார்கள், மலையாள டிரைவர்கள் சேச்சி என்பார்கள். அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. சோதனையில் பேச்சுக் கொடுப்பது வழக்கமில்லை. அந்த எட்டுப் பேரில் ஒருவரான சங்கச் செயலாளர் பின் வலது சக்கரத்துக்கு மேலே, உயர்த்திய பெஞ்சில் உட்கார்ந்தார். ஏறும்போது வெட்டிய விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினார்.

வளைவுகளில் ஸ்டீயரிங் கடைசி வரை ஒடிந்தது. ஒரு தடவைகூட ரிவர்ஸ் எடுக்கவில்லை. எனக்கு உள்ளே கொண்டாட்டம், முகத்தில் காட்டவில்லை. தேயிலைக்காடு முடிந்து புல்மேடு தொடங்கியது. பனி விலகிக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பாறைப்படி வந்தது.

போன வருடத்தைவிடப் பள்ளம் ஆழமாகியிருந்தது. முதல் கியர். முன் இடது சக்கரம் பாறையின்மேல் ஏற, பின் வலது சக்கரம் கீழே இருந்து மேலே தள்ளப்பட்டுத் தன் கூட்டுக்குள் ஏறியது. வண்டி முறுக்கிக்கொண்டது, ஞாயிற்றுக்கிழமை கல்லடுக்கின்மேல் நின்ற அதே மாதிரி. கர்ர்ர் என்ற சத்தத்துக்காக என் முதுகு முழுவதும் காதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வரவில்லை. நடுப்பாறை அடியில் போனது. இரும்பு உருண்டை அதைத் தொடவில்லை. தாண்டிவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் ஈரப் பாறையில் பின் சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு சாண் பின்னால் நழுவியது.

என் பக்கத்தில் இருந்த டிரைவர் பழக்கதோஷத்தில் பாதி எழுந்து, ஒரு காலை வெளியே நீட்டினார்.

"ஒக்காருங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பொத்தென்று உட்கார்ந்தார். கால் உள்ளே வந்தது. தரையைத் தொட்டிருக்கவில்லை.

மிதித்திருந்த பிரேக்கை விட்டு, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் கடைசி வரை ஒடித்தேன். பட்டறையில் திருகி வைத்த போல்ட் அப்படியே இருந்திருந்தால் சக்கரம் அங்கே திரும்பியிருக்காது. இப்போது திரும்பியது. டயரின் ஓரப் பட்டன்கள் பாறையின் விளிம்பைப் பிடித்தன. பிடித்ததை ஸ்டீயரிங்கில் என் உள்ளங்கை உணர்ந்தது. கொஞ்சம், இன்னும் கொஞ்சம், வண்டி ஒரு முக்கு முக்கி ஏறியே விட்டது! எட்டுப் பேரும் வழக்கத்தையெல்லாம் மறந்து தகட்டை அடித்துக் கத்தினார்கள். "சேச்சி! சேச்சி!" என்று ஒருவர், "போடு அக்கா!" என்று இன்னொருவர். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

உச்சியில் நிறுத்தியதும் செயலாளரிடம் திரும்பினேன். "எழுதுங்க."

"நோட்டு கீழ ஆபீஸ்ல இருக்கு அக்கா. போயி எழுதிருதேன்."

"கீழ போறதுக்குள்ள உங்களுக்கு மறந்து போயிருமுங்க. இப்பவே எழுதுங்க."

"எட்டுப் பேரு பாத்திருக்கோம், எப்பிடி மறக்கும்?"

நான் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எழுதாமல் இந்த வண்டி கீழே போகாது என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருடம் காத்திருந்தவளுக்கு அரை மணி நேரம் காத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவர் பெருமூச்சு விட்டு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். உச்சியில் தமிழ்நாட்டு டவர் நன்றாகப் பிடிக்கும். மலை டேர்ன் உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒரு குரூப் இருக்கிறது. டேர்ன் போனால் குரூப்பிலிருந்தும் எடுத்துவிடுவார்கள். போன வருடம் என்னையும் எடுத்திருந்தார்கள். அவர் என் எண்ணைத் தேடி எதையோ அழுத்தினார். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, என் வண்டி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லி, "எட்டு ஆளோட மேல வந்துட்டு. ஒருத்தரும் எறங்கல. நாளைக்குக் காலைல இந்த வண்டிக்கு அஞ்சாவது டேர்ன்" என்று பேசி அனுப்பினார்.

ஜீப்பில் மற்ற ஏழு பேரின் பையிலும் போன் அடித்தது. எட்டாவதாக அடித்தது என்னுடையது.